வெள்ளிக்கிழமைப் பாக்கெட்

கடலை பர்பி கிண்டும் கூடத்தில் பாகு அண்டாவிலேயே இறுகிக் கிடந்தால், அங்கே ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். கொதிக்கிற பாகை விட்டுவிட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்தது அந்தத் தகரக் கூரைக் கூடம். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிரபாவதி உள்ளே நுழைந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. பதினோரு பேர் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா, சாவு வூடு மாரி இருக்குது," என்று பிரேம்குமார் அவள் காதருகே சொன்னான். "பர்பி ஒண்ணு கேட்டா தப்பா நெனப்பாங்களா?"

பிரபாவதி பதினாறு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத் திருத்தணியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்து மூன்று வருடம் ஆகிறது. பிரேம்குமார் அவளுடைய உதவியாளன். ஆட்டோ அவனுடையது. வாயும் அவனுடையதுதான், இரண்டுக்கும் பிரேக் சுமார்.

அவளை வரவழைத்திருந்த குழுவின் தலைவி தேவகி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நாற்பது வயது, ஒல்லி, பேசும்போது கண்ணை எடுக்காதவள். நடந்ததை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

'கூட்டாளி' கடலை பர்பி ஆரம்பித்து நாலு வருடம். பதினோரு பேரும் அதற்குச் சம பங்கு முதலாளிகள். எல்லோருமே முன்பு கடலைக் கொல்லைகளில் களை பறித்த கூலிக்காரர்கள். அன்றைக்கு வரப்பில் நின்று இவர்களை அதட்டிய நிலக்காரர் பெருமாள், இப்போது கடலை மூட்டையோடு வந்து இதே ஸ்டூலில் உட்கார்ந்து விலை பேசுகிறார். சென்னையில் ஐம்பது கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் வாரா வாரம் இவர்களிடம் சரக்கு எடுக்கிறது. அந்த ஆர்டர்தான் இவர்களைக் கொல்லைக்குத் திரும்பிப் போகாமல் பிடித்து வைத்திருக்கிறது.

சனிக்கிழமை ஒரு வீடியோ வந்தது. திருத்தணி மலைப் படியில் யாரோ ஒரு 'கூட்டாளி' பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். பர்பித் துண்டுகளுக்கு நடுவே இரண்டு அங்குல ஆணி ஒன்று.

"பேக்கிங் பண்றது யாரு?" என்று பிரபாவதி கேட்டாள்.

மூலையில் சீல் அடிக்கும் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஆறு வயதில் காய்ச்சலில் பார்வை போனவர். பெயர் துளசிங்கம். காலால் கட்டையை மிதித்தால் மிஷினின் தாடை பாக்கெட்டின் வாயைச் சுட்டு ஒட்டும். நாலு வருடமாக அந்தக் கட்டையை மிதித்தது அவர் கால்தான்.

அவருக்குப் பக்கத்தில் கோவிந்தம்மாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. லேபிள் ஒட்டுவதும் தேதி முத்திரை குத்துவதும் அவள் வேலை. யார் வந்திருக்கிறார்கள் என்பதை அவருடைய மணிக்கட்டில் விரலால் தட்டித் தட்டி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தேவகி ஒரு தாளை நீட்டினாள். நிறுவனத்தின் கடிதத் தாள். பார்வையற்ற உறுப்பினரைப் பேக்கிங் பணியிலிருந்து நிரந்தரமாக விலக்கச் சம்மதிக்கிறோம் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குப் பதினோரு கோடுகள்.

"நாலு மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து மேடம் வராங்க. அதுக்குள்ள எல்லாரும் போடணுமாம். இல்லன்னா ஆர்டர் இல்ல," என்றாள் தேவகி. "பதினோரு கோடு இருக்குது பாருங்க. துளசிண்ணனும் போடணும். அவரை அவரே வெளிய அனுப்பிக்கணும்."

"போட்டீங்களா?"

"பேனா மூடிகூட தொறக்கல."

வாசலில் பைக் நின்றது. உள்ளே வந்தவன் எழிலன், அந்த நிறுவனத்தின் தர அதிகாரி. அம்மையார்குப்பத்துப் பையன், முப்பது வயது. இந்தக் குழுவை முதலில் தேடி வந்து, ஆர்டர் பிடித்துக் கொடுத்து, லேபிள் வரைக்கும் அச்சடித்துத் தந்தவன் அவன்தான் என்று தேவகி அறிமுகம் செய்தாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் நன்றி இருந்தது.

எழிலன் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் காகித உறையை எடுத்தான். அதற்குள் வீடியோவில் இருந்த பாக்கெட்டும் ஆணியும் இருந்தன. வாங்கியவர் நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம், பெயர் சொல்ல விருப்பமில்லையாம். நடுவில் கிழித்துப் பிரித்திருந்தது. லேபிளில் போன வெள்ளிக்கிழமைத் தேதி.

"எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. தொட வேணாம், ஆதாரம்," என்றான்.

எல்லோரும் ஒரு சுற்று பார்த்தார்கள். துளசிங்கமும் கையை நீட்டினார். எழிலன் உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நீங்க பாத்து இன்னாண்ணா பண்ணப் போறீங்க," என்று மெதுவாக, பரிவாகத்தான் சொன்னான். நீட்டிய கை சற்று நேரம் காற்றில் இருந்துவிட்டு மடிக்குத் திரும்பியது.

பிரேம்குமார் அலமாரியிலிருந்து ஒரு நல்ல பாக்கெட்டை எடுத்து உறையின் பக்கத்தில் பிடித்தான். ஆதாரப் பாக்கெட் ஒரு விரல்கடை குட்டையாக இருந்தது.

"அக்கா, இது மலைக்கு போயி மொட்டை போட்டுகினு வந்திருக்குது."

மேலே வெட்டிப் பிரித்து, ஆணியைப் போட்டு, மறுபடி சீல் அடித்திருக்கலாம். பிரபாவதி அதைச் சொல்வதற்குள் எழிலன் தலையசைத்தான். துளசிங்கம் அடிக்கும் சீல் சில சமயம் கோணிப் போகும், அப்போது அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி அடிப்பார், நூற்றுக்கு இரண்டு மூன்று பாக்கெட் இப்படிக் குட்டையாகத்தான் வரும் என்றான். பிரபாவதி தேவகியைப் பார்த்தாள். தேவகி இல்லையென்று சொல்லவில்லை.

எழிலன் கிளம்பும்போது பிரபாவதியிடம் தனியாகப் பேசினான். தானும் இவர்கள் பக்கம்தான் என்றான். துளசிங்கத்தைக் கடலை உடைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள், நீங்களாவது சொல்லுங்கள் என்றான். உறையோடு பைக் போய்விட்டது.

"நல்லவருக்கா," என்றான் பிரேம்குமார். "இவ்ளோ நல்லவரைப் பாத்தா என் பர்ஸு இருக்குதான்னு தடவிப் பாக்கத் தோணுது."

பிரபாவதியிடம் இருந்தது ஒரே ஒரு நூல்தான். அந்த வீடியோ. வெள்ளிக்கிழமைச் சரக்கு எங்கே போனது என்று கேட்டாள். மலையடிவாரத்தில் ஞானம்மாள் கடைக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் என்றாள் தேவகி. இரண்டு பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பிரபாவதி ஆட்டோவில் ஏறினாள்.

ஞானம்மாள் கடை படியேறும் வழியில், பூக்கடைகளைத் தாண்டி இருந்தது. தேங்காய், கற்பூரம், பிளாஸ்டிக் வேல், தகர டப்பாவுக்குள் பர்பி. பிரபாவதி போனில் வீடியோவைக் காட்டினாள். ஞானம்மாள் அதைப் பாதிகூடப் பார்க்கவில்லை.

"இது எங்கிட்ட வாங்கனது இல்லம்மா."

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தலைக்கு மேலே கையைக் காட்டினாள். கூரை விளிம்பில் நாலு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பளபளவென்று எதைக் கையில் பார்த்தாலும் அவை விடாது. அதனால் அவள் எந்தப் பாக்கெட்டையும் வெறுமனே கொடுப்பதில்லை. பேப்பரில் சுற்றி, பைக்குள் போட்டு, மேலே போய்த்தான் பிரிக்கணும் என்று சொல்லித்தான் அனுப்புவாள். வீடியோவில் ஒரு கை அந்தப் பாக்கெட்டைப் படியிலேயே ஒரு நிமிஷம் ஆட்டிக் காட்டுகிறது.

"ஒரு நிமிஷம் தாங்காதா?" என்றாள் பிரபாவதி.

"தாங்குதா பாருங்களேன்."

பிரபாவதி பிரேம்குமாரைப் பார்த்தாள். அவன் பின்னால் ஒரு அடி நகர்ந்தான். "அக்கா, எனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல," என்றான். ஆனாலும் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினான். எட்டாவது படியில் முதல் குரங்கு அவன் தோளில் இறங்கியது. ஒன்பதாவது படி அவனுக்கு வாய்க்கவில்லை.

கீழே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குரங்கு மதில்மேல் ஏறி, பாக்கெட்டின் அடிப்பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்தத் துண்டைத் துப்பியது. அது காற்றில் மிதந்து பிரபாவதியின் காலடியில் வந்து விழுந்தது.

குப்பை போடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் அதைக் குனிந்து எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். சீல் கோட்டுக்குக் கீழே, பாக்கெட்டின் விளிம்பில், பிறை பிறையாகச் சின்ன வெட்டுகள். எண்ணினாள். ஐந்து.

மீதியிருந்த பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். அதன் விளிம்பில் ஆறு.

"வீடியோ எடுத்தவன் கொரங்குக்கும் பங்கு குடுத்திருப்பான்க்கா," என்று பிரேம்குமார் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தான். "இல்ல, கம்போட ஒருத்தன காவலுக்கு நிறுத்தியிருப்பான். எனுக்கு ஊசி போடணுமா?"

"கீறலே இல்ல. வண்டிய எடு."

அவர்கள் கண்டிகைக்குத் திரும்பும்போது மணி இரண்டே கால். பிரபாவதி நேராகத் துளசிங்கத்திடம் போய், கிழிந்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கட்டைவிரல் விளிம்பில் ஒருமுறை ஓடியது.

"வெள்ளி," என்றார்.

அடுத்து மற்ற பாக்கெட்டைக் கொடுத்தாள். "சனி."

துளசிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்துக் காட்டினார். முதல் வருடம் பெட்டிகள் மாறிப்போய்ப் பழைய சரக்கு அடியிலேயே தங்கி நமுத்துவிட்டதாம். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. மற்றவர்களுக்குத் தேதி இருக்கிறது, தனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தார். அன்றிலிருந்து சீல் அடித்து முடித்த ஒவ்வொரு பாக்கெட்டின் அடி விளிம்பிலும் நகவெட்டியால் ஒரு கணக்கு. திங்களுக்கு ஒரு வெட்டு, சனிக்கு ஆறு. பழையது எது, புதியது எது என்று தடவியே அடுக்கிவிடுவார்.

தேவகிக்கே இது தெரியாது. பிரிப்பதற்கு வசதியாக வெட்டுகிறார் என்று நினைத்திருந்தாளாம். எழிலன் சாரும் ஒருமுறை பார்த்துவிட்டு நல்ல யோசனை, கிழிக்கச் சுலபம் என்று பாராட்டினாராம்.

"ஏண்ணா சொல்லல?"

"யாரும் கேக்கலியேம்மா."

கோவிந்தம்மாள் மட்டும் சிரித்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

பிரபாவதி இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எந்தக் கிழமைச் சரக்கு எங்கே போகும்? தேவகி விரல் விட்டுச் சொன்னாள். புதன்கிழமை சாயந்திரம் சென்னை வண்டி வரும். அன்றைக்குச் செய்தது அத்தனையும் அதில் ஏறிவிடும், ஒரு பாக்கெட்கூட இங்கே தங்காது. அங்கே குடோனில் ஆணியோ கம்பியோ இருந்தால் கத்துகிற மிஷினைத் தாண்டித்தான் ஒவ்வொரு பாக்கெட்டும் கடைக்குப் போகும். மற்ற நாள் சரக்கெல்லாம் ஊருக்கும் மலைக்கும்.

மூன்று மணிக்குப் பிரபாவதி வெளியே வந்து ஆட்டோவில் சாய்ந்து நின்றாள். பிரேம்குமார் டீ வாங்கி வந்தான்.

"அந்த மொட்டைப் பாக்கெட்டுல எத்தினி வெட்டுக்கா?"

"தெரியல. விளிம்பு மடிஞ்சிருந்தது. நான் பாக்கல."

"அஞ்சு இருந்துச்சுன்னா?"

"ஆணி இவங்க கையிலேர்ந்து போனதுன்னு ஆயிடும். நானே நிரூபிச்ச மாதிரி."

பிரேம்குமார் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு டம்ளரோடு டீக்கடைப் பக்கம் திரும்பிப் போனான்.

நாலு மணிக்குக் கார் வந்தது. கொள்முதல் தலைமை அதிகாரி சுஜாதா இறங்கினாள். களைத்த முகம், அவசரமான நடை. எழிலன் பின்னால் பைக்கில் உறையோடு வந்தான். சுஜாதா உட்காரும் முன்பே தேவகி அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தாள். பதினோரு கோடுகளும் காலியாக இருந்தன.

"கையெழுத்து போடலம்மா. அத மொதல்ல சொல்லிடறோம்," என்றாள் தேவகி. "இந்த அக்கா ஒண்ணு காட்டப் போறாங்க. அது எங்களுக்கு நல்லதா வருமா கெட்டதா வருமான்னு எங்களுக்கே தெரியாது. எப்படி வந்தாலும் இதுல போட மாட்டோம். ஆர்டர எடுத்துகினு போறதுன்னா எடுத்துகினு போங்க. கொல்லையில களை பறிச்சவங்கதான் நாங்க, கை மரத்துப் போவல. ஆனா பதினோரு பேரும் சேர்ந்துதான் போவோம், பத்து பேரா இங்க ஒக்கார மாட்டோம்."

எழிலன் தரையைப் பார்த்தான். சுஜாதா தாளை மடித்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. "காட்டுங்க," என்றாள்.

பிரபாவதி நகவெட்டிக் கதையை நாலு வாக்கியத்தில் சொன்னாள். அலமாரியில் இருந்து எதை வேண்டுமானாலும் எடுத்து, லேபிளை மறைத்து, துளசிங்கத்திடம் கொடுக்கச் சொன்னாள். சுஜாதாவே எழுந்து போய் எடுத்தாள். ஒவ்வொரு பாக்கெட்டாக அவர் கையில் வைத்தாள்.

"சனி. வியாழன். சனி. செவ்வாய்." ஒவ்வொன்றுக்கும் சுஜாதா லேபிளைத் திருப்பி, போனில் நாட்காட்டியைப் பார்த்தாள். தவறவே இல்லை. எட்டாவது பாக்கெட்டில் கட்டைவிரல் இரண்டு முறை ஓடி நின்றது.

"இது நம்பளுது இல்லீங்க."

சுஜாதா திருப்பினாள். வேறு கம்பெனி கடலை மிட்டாய். "டீக்கடையில வாங்கி நான்தான் உள்ள சொருவனேன்," என்றான் பிரேம்குமார். "மன்னிச்சிக்கோங்க. மனசு கேக்கல."

சுஜாதா எழிலனிடம் கையை நீட்டினாள். அவன் தயங்கினான். ஆதாரம் கெட்டுவிடும் என்றான். விரல் ரேகை, சட்டம் என்று அவன் பேச ஆரம்பித்தபோது, சுஜாதா உறையை வாங்கிக்கொண்டாள். தானே பிரித்தாள். குட்டையான அந்தப் பாக்கெட்டைத் துளசிங்கத்தின் கையில் வைத்தாள்.

காலையில் மடிக்குத் திரும்பிய கை அது. இப்போது மடிந்திருந்த விளிம்பை நிதானமாக நீவி விரித்தது. விரல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது. திரும்பி வந்தது.

"மூணு," என்றார் துளசிங்கம். "நான் அடிச்சதுதான். ஆனா புதன்கிழமை."

சுஜாதா விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். மூன்று. லேபிளில் வெள்ளிக்கிழமைத் தேதி.

"பாத்தீங்களா மேடம், தேதி கூட மாத்தி ஒட்றாங்க," என்றான் எழிலன் வேகமாக. "காது கேக்காதவங்க ஒட்டனா..."

அவன் முடிக்கவில்லை. சுஜாதாவின் முகம் அவனை முடிக்க விடவில்லை.

"புதன்கிழமை சரக்கு ஒரு பாக்கெட் விடாம நம்ம குடோனுக்குத்தானே வருது," என்றாள் அவள். கேள்வியாக இல்லை. யோசித்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க உலோகம் இருந்தா கத்தற மிஷின் இருக்குதுன்னு சொன்னாங்க," என்றாள் பிரபாவதி. "இரண்டங்குல ஆணி போச்சுன்னா தெருவுக்கே கேக்கும். புதன்கிழமைத் தேதியோட இந்தப் பாக்கெட் வெளிய வந்திருந்தா, முதல் கேள்வி உங்க குடோனைப் பார்த்துத்தான் வரும். அதனாலதான் தேதி மாறிச்சு. மிஷினைத் தாண்டி வந்த பாக்கெட்டை எடுக்க உரிமை இருக்கிற ஆள் செஞ்சது இது. அவர்கிட்ட ஒட்டாத லேபிளும் இருக்கணும்."

குடோனில் மாதிரிப் பாக்கெட் எடுப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. லேபிள் அச்சடித்துத் தருவது யார் என்றும் கேட்கவில்லை. பதினோரு பேரும் எழிலனைத்தான் பார்த்தார்கள். தேவகி கடைசியாகப் பார்த்தாள். அவளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

எழிலன் கவிழ்த்து வைத்திருந்த வெல்லக் கூடைமேல் உட்கார்ந்தான்.

தான் கெடுதல் நினைக்கவில்லை என்றான். அடுத்த மாதம் வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. கண் தெரியாதவர் சுடுகிற மிஷினில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரே நாளில் ஆர்டரை வெட்டிவிடுவார்கள். மூன்று முறை சொல்லிப் பார்த்தான், யாரும் கேட்கவில்லை. ஒரு பயம் காட்டினால் துளசிங்கத்தை உள்ளே மாற்றிவிடுவார்கள், மற்ற பத்துப் பேராவது பிழைப்பார்கள் என்று நினைத்தான். வீடியோவில் இருந்தது நண்பன் ஒருவனின் கை.

"உங்களை காப்பாத்ததாங்க்கா பண்ணேன்," என்றான் தேவகியிடம்.

"எங்கள எங்ககிட்டேர்ந்தா?" என்றாள் அவள்.

அவன் எழுந்து வாசலுக்குப் போனபோது யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் வழியும் விடவில்லை. சுற்றிக்கொண்டு போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்க வெகு நேரம் ஆயிற்று.

சுஜாதா மன்னிப்புக் கேட்டாள். நின்றுகொண்டே கேட்டாள். ஆர்டர் அப்படியே தொடரும், எழிலன் மேல் நடவடிக்கை உண்டு, வீடியோ பொய் என்று நிறுவனமே அறிவிக்கும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, துளசிங்கத்துக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்காக மாதாமாதம் ஒரு உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்ய முடியும் என்றாள்.

"உதவி வேணாங்க," என்றார் துளசிங்கம். "நாலு வருஷமா நான்தான உங்களுக்கு உதவி பண்ணிகினு இருக்கறேன்."

பிரேம்குமார் கைதட்டப் போனான். பிரபாவதி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேவகி முன்னால் வந்தாள். தங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது என்றாள். இதுவரை நிறுவனத்து ஆள் வந்து இவர்கள் கூடத்தைச் சோதித்தார். இனி இவர்களுடைய ஆளும் மாதம் ஒருமுறை நிறுவனத்துக் குடோனுக்கு வந்து சோதிப்பார். சரக்கை எப்படி அடுக்குகிறார்கள், யார் எடுக்கிறார்கள், எது பழசு, எது புதுசு எல்லாம். அவர் குறை சொன்னால் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆய்வுக் குழு வந்தால் அவர்களுக்கு விளக்குவதும் அவர்தான்.

குடோன் மேலாளர் இதைக் கேட்டால் குதிப்பார் என்றாள் சுஜாதா. குதிக்கட்டும் என்றாள் தேவகி.

காலியான பதினோரு கோடுகளோடு கையில் இருந்த தாளைச் சுஜாதா திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தேவகி சொன்னதை அதிலேயே ஒவ்வொரு வரியாக எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். "உங்க ஆள் பேரு?" என்று கேட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

யாரும் பேசவில்லை. பத்துப் பேரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள்.

"இன்னா சத்தத்தையே காணோம்?" என்றார் துளசிங்கம். "யார சொல்றாங்க?"

கோவிந்தம்மாள் அவர் வலது கையை எடுத்தாள். மணிக்கட்டில் தட்டவில்லை. அந்தக் கையை அப்படியே கொண்டுபோய் அவருடைய நெஞ்சின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

அவர் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையின் மேல் பித்தானைத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

"தேவகி," என்றார். "மெட்ராசுக்கு மொத ரயிலு எத்தினி மணிக்கும்மா?"